தூதர் எழுதியதும் ஆராய்ச்சியாளர் படித்ததும்: ஐரோப்பிய அரசியல், சமய, ராஜதந்திர வரலாற்று ஆராய்ச்சி

ஐரோப்பாவின் அரசியல் வரலாற்றிலிருந்து அதன் சமய வரலாற்றைப் பிரித்தெடுத்து எழுத முயன்றவர்கள் நெடுந்தூரம் சென்றதில்லை. போப்பாண்டவர் கத்தோலிக்க உலகின் தலைமைக் குருவாக இருந்தபோதே, மத்திய இத்தாலியில் வரி விதித்துப் படை திரட்டிய ஓர் அரசராகவும் விளங்கினார்; 1555-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின் பிறகு, ஜெர்மானியச் சிற்றரசர் ஒருவர் கத்தோலிக்கம், லூத்தர் மதம் ஆகிய இரண்டில் எதைத் தழுவினாரோ அதுவே அவர் குடிகளின் சமயமும் ஆயிற்று; இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தம் விவாகத்தை ரத்துச் செய்யக் கோரி ரோமாபுரிக்கு அனுப்பிய விண்ணப்பம், ஒரு குடும்ப விவகாரமாகத் தொடங்கி, ஒரு தேசம் முழுவதும் ரோமாபுரித் திருச்சபையினின்று விலகுவதில் போய் முடிந்தது. ஆகவே அரசு, சமயம், தூது என்னும் மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராயும் துறை ஒன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் கடந்த இரு நூற்றாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அது எந்தச் சான்றுகளை ஆதாரமாகக் கொண்டது, அச்சான்றுகளைப் பற்றி அதன் அபிப்பிராயம் காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. சுருங்கச் சொன்னால், தூதரின் கடிதத்தை நம்பக் கற்ற ஆராய்ச்சி, பின்னர் அதே கடிதத்தைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொண்ட வரலாறு இது.

பத்திரத்தைச் சோதித்தவர்கள்

இத்துறையின் முதல் வித்து, ஒரு பொய்ப் பத்திரத்தின் மேல் எழுந்த சந்தேகத்தில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி மேற்கு ரோம ராஜ்யத்தின் ஆதிபத்தியத்தையே போப் சில்வெஸ்டருக்குத் தானமாக அளித்ததாகக் கூறும் சாஸனம் ஒன்று இடைக்காலம் முழுவதும் பிரமாணமாக எடுத்துக் காட்டப்பட்டு வந்தது. 1440-ஆம் ஆண்டில் லோரென்சோ வல்லா என்னும் இத்தாலியப் பண்டிதர் அதன் லத்தீன் நடையை ஆராய்ந்து, அது நான்காம் நூற்றாண்டின் மொழியே அன்று என்றும், கான்ஸ்டன்டைன் காலத்தில் வழங்காத பதவிப் பெயர்கள் அதில் வருகின்றன என்றும் எடுத்துக்காட்டி, அது பிற்காலத்தவர் புனைந்த போலி என்று நிலைநாட்டினார். வல்லாவை ஆதரித்த அல்ஃபோன்சோ மன்னர் அப்போது போப்பாண்டவரோடு நேப்பிள்ஸ் ராஜ்யத்தைக் குறித்துப் பிணக்குக் கொண்டிருந்தார் என்பதையும் உடன் கருத வேண்டும். விமரிசனம் பிறந்த நாளிலேயே அரசியலும் அதனோடு கூடப் பிறந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் இச்சோதனை ஒரு சாஸ்திரமாக உருப்பெற்றது. பழைய பிரெஞ்சு மடங்களின் சாஸனங்கள் பலவற்றை 1675-இல் சந்தேகத்துக்கு உட்படுத்திய யேசு சபைத் துறவி பாப்பப்ரோக் என்பவருக்கு விடையாக, பெனடிக்ட் சபைத் துறவியான ழான் மபிய்யோன் 1681-இல் ஒரு பெருநூலை வெளியிட்டு, தோல், மை, எழுத்தின் வடிவம், முத்திரை, தேதியிடும் முறை ஆகியவற்றைக் கொண்டு மெய்ப் பத்திரத்தைப் பொய்ப் பத்திரத்தினின்று பிரித்தறியும் நெறிகளை வகுத்தார். தாம் எழுதியதை மறுத்து வந்த அந்நூலைப் படித்த பாப்பப்ரோக், அதன் முடிவுகளை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். வாதத்தில் தோற்றவர் மகிழ்ந்த சம்பவங்கள் சரித்திர ஆராய்ச்சியில் அதிகமில்லை.

ராங்கேயும் வெனிஸ் நகரத்து அறிக்கைகளும்

மபிய்யோன் வகுத்த நெறி பத்திரம் மெய்யானதா என்று கேட்டது; மெய்யான பத்திரங்களைக் கொண்டு ஒரு யுகத்தின் வரலாற்றை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு வழி காட்டியவர் லியோபோல்ட் ராங்கே. அவர் ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1824-இல் வெளியிட்ட தம் முதல் நூலுக்கு ஓர் அனுபந்தம் சேர்த்து, இத்தாலியப் போர்களைப் பற்றி எழுதிப் பெரும்புகழ் பெற்ற குயிச்சியார்தினி போன்ற ஆசிரியர்கள் பிறர் நூல்களைப் பார்த்து எழுதியிருப்பதையும், நிகழாத சொற்பொழிவுகளைப் பாத்திரங்களின் வாயில் வைத்திருப்பதையும் அம்பலப்படுத்தினார். மறு ஆண்டே பெர்லின் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது.

பெர்லினிலிருந்த அரச நூலகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகள் எவராலும் பெரிதாகப் பயன்படுத்தப்படாமல் கிடந்தன. அவை வெனிஸ் குடியரசின் ஸ்தானாதிபதிகள் எழுதிய அறிக்கைகளின் பிரதிகள். அயல்நாட்டுத் தூதிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் தாம் கண்டு வந்த அரசின் நிலையைச் சபைமுன் எடுத்துரைக்க வேண்டும் என்பது வெனிஸில் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதற்கொண்டு நிலவிய நியதி. மன்னரின் குணமும் உடல்நலமும், மந்திரிகளுக்குள் நிலவும் பகைமை, கருவூலத்தின் வருமானம், கோட்டைகளின் பலம், குடிகளின் மனோநிலை ஆகிய யாவும் அவ்வறிக்கைகளில் வரிசையாக இடம்பெறும். நினைவுக் குறிப்புகளையும் அரசவைப் புலவர் நூல்களையும் நம்பி வந்த ஆராய்ச்சிக்கு, பேசிப் பழகிய அரசியல் அறிஞர்கள் தம்மை அனுப்பியவர்களுக்கே அந்தரங்கமாகச் சொன்னவை என்று தோன்றிய இந்த ஏடுகள் எத்தகைய பொக்கிஷமாகக் காணப்பட்டிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். 1827 முதல் 1831 வரை ராங்கே வியன்னா, வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோமாபுரி ஆகிய நகரங்களில் சுற்றி மேலும் ஏராளமான ஏடுகளைத் திரட்டினார். அவர் புராட்டஸ்டண்டு ஆதலின் போப்பாண்டவரின் அந்தரங்க ஆவணக் காப்பகம் அவருக்குத் திறக்கவில்லை. பார்பெரீனி முதலிய ரோமானியப் பிரபு குடும்பங்களின் நூலகங்களே அக்குறையை ஈடு செய்தன. 1834-க்கும் 1836-க்கும் இடையில் வெளிவந்த அவருடைய போப்பாண்டவர் வரலாறு, நிந்தையும் துதியும் இன்றி நிதானமான குரலில் எழுதப்பட்டதாயினும், 1841-இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் ரோமாபுரியால் சேர்க்கப்பட்டது.

கோட்டைகளின் கதவுகள்

ராங்கேயின் வழிமுறை பரவப் பரவ, காப்பகங்களின் கதவுகளைத் தட்டுவோர் தொகை பெருகிற்று. அதற்கு முன்பே நெப்போலியன் தான் வென்ற நாடுகளின் ஆவணங்களையெல்லாம் பாரிஸ் நகரத்தில் ஒரே மாளிகையில் குவித்துவிடக் கருதி, வத்திக்கானிலிருந்து மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொண்டுபோகச் செய்திருந்தான். அவன் வீழ்ந்தபின் அவை திரும்பி வந்தபோது ஒரு பகுதி வழியில் அழிந்தது, ஒரு பகுதி பழங்காகிதமாகவே விலைக்குப் போயிற்று.

ஸ்பெயினில் வய்யடோலிட் நகரத்துக்கு அருகேயுள்ள சிமன்காஸ் கோட்டையில், ஐந்தாம் சார்ல்ஸ் சக்கரவர்த்தி தொடங்கி வைத்து இரண்டாம் ஃபிலிப் ஒழுங்குபடுத்திய காப்பகம் இருந்தது. பெல்ஜியத்தின் தலைமை ஆவணக் காப்பாளரான காஷார் 1844-இல் அங்கே சென்றார். 1860-இல் இங்கிலாந்தின் பொருட்டுச் சென்ற பெர்கென்ராத் என்னும் பிரஷ்யர், 1848-ஆம் ஆண்டுப் புரட்சியில் ஈடுபட்டுச் சொந்த நாட்டை விட்டகன்றவர். சங்கேத எழுத்தில் எழுதப்பட்ட தூதர் கடிதங்களின் திறவுகோல்களை ஒவ்வொன்றாகத் தாமே கண்டறிந்து, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் தொகுத்துக்கொண்டே வந்து, 1869-இல் காய்ச்சலால் மாட்ரிட்டில் மாண்டார். அதே காலத்தில் வெனிஸின் ஃப்ராரி மடத்துக் காப்பகத்தில் ராடன் பிரவுன் என்னும் ஆங்கிலேயர் அத்தகைய பணியையே செய்து வந்தார். இத்தொகுப்புகளின் பயன் அளவிடற்கரியது. ஆயினும் அவை சுருக்கங்களே. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று தீர்மானித்தவர் தொகுப்பாசிரியர். ஐந்தாம் சார்ல்ஸின் தாயான ஹுவானா அரசி பித்துப் பிடித்தவளே அல்லள் என்று பெர்கென்ராத் 1868-இல் வெளியிட்ட துணிவான முடிவை, அதே ஏடுகளை மறுபடி படித்த காஷார் முதலியோர் மறுத்தார்கள். அச்சில் வந்த சுருக்கத்தோடு நின்றுவிடாமல் மூலத்துக்கே போக வேண்டும் என்ற பாடத்தைத் துறை அப்போது கற்றது.

வத்திக்கானின் கதவு இவையனைத்திற்கும் பிறகே திறந்தது. 1870-இல் நடந்த வத்திக்கான் திருச்சங்கத்தின்போது, பழைய ட்ரென்ட் திருச்சங்கத்தின் நடைமுறை விதிகளை எதிர்க்கட்சி ஆயர்கள் பார்க்க விட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரில் காப்பாளர் தெய்னரிடமிருந்து காப்பகத்தின் சாவிகளையே ஒன்பதாம் பத்திநாதர் வாங்கிக்கொண்டார் என்றால், மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட ஏடுகள் கூட எவ்வளவு வெப்பமுள்ளவையாக இருந்தன என்பது விளங்கும். அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் சிங்கராயர் 1881-இல் சமய பேதமின்றி ஆராய்ச்சியாளர்களுக்குக் காப்பகத்தைத் திறந்துவிட்டு, 1883-இல் எழுதிய திருமுகத்தில், உண்மைச் சரித்திரத்துக்குத் திருச்சபை அஞ்சவேண்டியதில்லை என்ற கருத்தை வெளியிட்டார். ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நீளமுள்ள அடுக்குகளில் அமைந்த அந்த ஏடுகளை நாடி ஆஸ்திரியா, பிரஷ்யா முதலிய நாடுகள் ரோமாபுரியில் சரித்திரக் கழகங்களை நிறுவின. ஜெர்மானிய நாடுகளிலிருந்து நுன்சியோக்கள் எனப்படும் போப்பாண்டவர் தூதர்கள் எழுதியனுப்பிய கடிதங்கள் 1892 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறலாயின.

ஒரு திருச்சங்கம், மூன்று வரலாறுகள்

ஒரே விஷயத்தைச் சான்றுகளும் சார்புகளும் எப்படி மாற்றி மாற்றி உருவாக்குகின்றன என்பதற்கு, 1545-இல் தொடங்கி 1563-இல் முடிந்த ட்ரென்ட் திருச்சங்கத்தைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. வெனிஸ் குடியரசின் சட்ட ஆலோசகராக இருந்து போப்பாண்டவரை எதிர்த்த பாவ்லோ சார்ப்பி என்னும் துறவி, சீர்திருத்தம் செய்யக் கூடிய சபையை ரோமாபுரி தன் அதிகாரத்தைப் பெருக்கும் கருவியாக்கிக்கொண்டது என்று எழுதிய வரலாறு 1619-இல் லண்டனில் புனைபெயரில் வெளிவந்தது. அதை மறுக்கும்பொருட்டு யேசு சபையைச் சேர்ந்த ஸ்ஃபோர்சா பல்லவிச்சீனோ, பிறருக்குக் கிடைக்காத ரோமானிய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு 1656, 1657-ஆம் ஆண்டுகளில் இன்னொரு வரலாற்றை வெளியிட்டார். இருவரும் தத்தம் பக்கத்து வக்கீல்களே என்று ராங்கே இருவர் நூலையும் மூலங்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். எனினும் தீர்ப்புக்கு வேண்டிய ஏடுகள் அவருக்கு எட்டவில்லை.

காப்பகம் திறந்த பிறகு, 1901 முதல் அச்சங்கத்தின் நாட்குறிப்புகள், நடவடிக்கைகள், கடிதங்கள் ஆகியவற்றை ஜெர்மானியக் கத்தோலிக்கரின் கெர்ரெஸ் கழகம் பதிப்பிக்கலாயிற்று. அவற்றை ஆதாரமாகக் கொண்டு நான்கு தொகுதிகளில் முழு வரலாற்றை எழுதியவர் ஹூபர்ட் யெடின். கத்தோலிக்கக் குருவான அவர், தாய் யூத வம்சத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் 1933-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் போதிக்கும் உரிமையை இழந்து ரோமாபுரிக்குச் சென்றார். வேலையிழந்தவருக்குக் காப்பகம் வேலை தந்தது. அவருடைய முதல் தொகுதி 1949-இலும் கடைசித் தொகுதி 1975-இலும் வெளிவந்தன. லூத்தருக்கு எதிராக எழுந்த மறுப்பியக்கம் மட்டுமே என்று புராட்டஸ்டண்டு ஆசிரியர்கள் கருதிய கத்தோலிக்கப் புத்துயிர்ப்பு, லூத்தருக்கு முன்பே தொடங்கிய உள்முகமான சீர்திருத்தத்தையும் தன்னுள் கொண்டிருந்தது என்று 1946-இலேயே அவர் ஒரு சிறு நூலில் வாதித்திருந்தார். மறுப்பியக்கம், உள்முகச் சீர்திருத்தம் ஆகிய இரண்டும் இருந்தன என்பதை இன்று மறுப்பவர் அரியர். பதினாறு தொகுதிகளில் போப்பாண்டவர்களின் வரலாற்றை எழுதிய லுட்விக் ஃபான் பாஸ்டர் ஏடுகளின் செழுமையில் ராங்கேயை விஞ்சினாலும் கத்தோலிக்க அபிமானத்தை முற்றும் துறக்கவில்லை; யெடினிடமோ அபிமானமும் நியாயமும் ஏறக்குறைய சமரசப்பட்டு நிற்கின்றன.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வோல்ஃப்காங் ரைன்ஹார்ட், ஹைன்ஸ் ஷில்லிங் ஆகிய இருவர் இந்த விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோயினர். கத்தோலிக்க, லூத்தரன், கால்வினிய அரசுகள் மூன்றும் கோட்பாட்டில் பகைத்தாலும், குருமாரைப் பயிற்றுவிப்பது, பள்ளிகளை மேற்பார்ப்பது, ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிவேட்டில் ஏற்றுவது ஆகிய ஒரே வகைச் செயல்களால் குடிகளை ஒழுங்குபடுத்தி நவீன அரசைக் கட்டின என்பது அவர்கள் சித்தாந்தம். கிராமங்களின் ஏடுகளைப் படித்த பிற்கால ஆராய்ச்சியாளர்கள், மேலிருந்து வந்த கட்டளையைவிடக் கீழிருந்த சமூகத்தின் விருப்பமே பல இடங்களில் வலியது என்று அச்சித்தாந்தத்துக்குத் திருத்தம் கூறியிருக்கிறார்கள்.

வெஸ்ட்ஃபாலியா என்னும் கதை

முப்பதாண்டுப் போரை முடித்து வைத்த 1648-ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா சமாதானம், அரசுகள் யாவும் சமமான சுயாதிபத்தியம் உடையவை என்ற கொள்கையை உலகுக்கு அளித்தது என்று அரசியல் நூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. 1962 முதல் வெளிவரும் அச்சமாதானத்தின் மூல ஆவணப் பதிப்பு, நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில், நடந்ததைக் கிட்டத்தட்ட நாள்தோறும் காட்டுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட தூதுக்குழுக்கள் முன்ஸ்டர், ஓஸ்னாபுரூக் என்னும் இரண்டு நகரங்களில் பிரிந்து தங்கின. போப்பாண்டவரின் தூதரான ஃபாபியோ கிஜி சமயத் துரோகிகளென்று தாம் கருதியவர்களோடு நேரில் பேச மறுத்தார். எல்லாரும் ஓரிடத்தில் கூடிய மகாசபை ஒருமுறை கூட நடைபெறவில்லை. உடன்படிக்கைகளில் காணப்படுபவை பெரும்பாலும் ஜெர்மானியப் பேரரசின் உள்ளமைப்பு, 1624-ஆம் ஆண்டு நிலவரப்படி கோவில்களும் மடத்துச் சொத்துகளும் எவரிடம் இருக்க வேண்டும் என்ற நிர்ணயம், பிரான்சும் சுவீடனும் அடைந்த பிரதேசங்கள் ஆகியவையே. சுயாதிபத்தியம் என்னும் பெருந்தத்துவத்தை அங்கே தேடுவது பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் கருத்தைப் பின்னோக்கி ஏற்றுவதாகும் என்று ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டர் 2001-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகுதியாக விவாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. மாணவர் பாடநூல்களில் பழைய கதை இன்னும் நீடிக்கிறது. ஆராய்ச்சி நூல்களில் அதன் பலம் குன்றிவிட்டது.

ராஜதந்திர ஆவணங்களை வெளியிடுவதே ராஜதந்திரமாகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு சாட்சி. 1917-இல் ருஷ்யப் புரட்சி அரசு ஜார் ஆட்சியின் ரகசிய ஒப்பந்தங்களை அச்சிட்டது. முதல் உலகப் போரின் பொறுப்பைத் தன்மேல் சுமத்திய வெர்சேல்ஸ் உடன்படிக்கையைத் தகர்க்கும் நோக்கத்துடன் ஜெர்மனி 1922 முதல் 1927 வரை நாற்பது தொகுதிகளை வெளியிட்டது. பிரிட்டனும் பிரான்சும் தத்தம் தொகுதிகளால் விடை கூறின. லுயிஜி ஆல்பெர்ட்டீனி, 1961-இல் எழுதிய ஃபிரிட்ஸ் ஃபிஷர், 2012-இல் எழுதிய கிறிஸ்டஃபர் கிளார்க் ஆகியோர் அவற்றையும் பிறவற்றையும் கொண்டு முரண்பட்ட முடிவுகளுக்கு வந்தனர். ஏடுகள் பெருகினால் விவாதம் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை அத்துடன் போயிற்று.

தூதரையே ஆராய்தல்

இத்துறைக்கு எதிரான பெருங்கலகம் அதன் சொந்தக் காப்பகத்திலிருந்தே எழுந்தது. இரண்டாம் ஃபிலிப்பின் மத்தியதரைக் கடற்கொள்கையைப் பற்றி ஆராயச் சிமன்காஸுக்குச் சென்ற ஃபெர்னான் ப்ரோடெல், ஏடுகளைப் படமெடுத்துச் சேகரித்து, பின்னர் ஜெர்மானியப் போர்க்கைதி முகாம்களில் பெரும்பாலும் நினைவைக் கொண்டே எழுதித் தள்ளிய நூல் 1949-இல் வெளிவந்தபோது, அரசர் பின்னுக்குச் சென்று கடலே நாயகனாகிவிட்டது. மலை, காற்று, தானிய விலை, வாணிகப் பாதை ஆகியவற்றுக்குப் பின்னரே கடைசிப் பாகத்தில் போரும் தூதும் இடம்பெற்றன. அமெரிக்கரான காரெட் மாட்டிங்லி 1955-இல் வெளியிட்ட மறுமலர்ச்சிக்கால ராஜதந்திர வரலாறு வேறு வகையில் பதில் சொல்லிற்று. தூதர்கள் சொன்னவற்றைத் தொகுப்பதோடு நில்லாமல், அயலரசின் தலைநகரில் நிரந்தரமாகத் தங்கும் ஸ்தானாதிபதி என்னும் பதவி பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஏன் தோன்றியது, அவருக்குச் சம்பளம் எப்படி வந்தது, கடிதம் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று அது விசாரித்தது.

அந்த விசாரணை இப்போது முதிர்ந்து ராங்கேயின் பொக்கிஷத்தையே வந்தடைந்திருக்கிறது. வெனிஸ் நகரத்தின் செய்திப் பரிமாற்றத்தை ஆராய்ந்து ஃபிலிப்போ டெ விவோ 2007-இல் வெளியிட்ட நூல், அந்தரங்கமென்று சட்டம் சொன்ன அறிக்கைகள் நகரத்தில் பிரதியெடுக்கப்பட்டு விலைக்கு விற்கப்பட்டதைத் தெளிவாக விளக்குகிறது. பெர்லினில் அத்தனை தொகுதிகள் கிடைத்ததே அவற்றின் அந்தரங்கம் காற்றில் பறந்ததற்குச் சான்று. தம் சொற்கள் பலர் கைக்குப் போகும் என்று அறிந்த தூதர், மன்னரை வருணிக்கும்போதே தம் சொந்த மதிநுட்பத்தையும் வெனிஸின் பெருமையையும் வருணித்தார். நடாலி ராத்மன் இன்னும் ஒரு படி சென்று, கான்ஸ்டாண்டிநோபிளில் தூதருக்கும் சுல்தானின் அரசவைக்கும் இடையே நின்ற துபாஷிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, தூதர் எழுதியதில் பெரும்பகுதி துபாஷி கேட்டுச் சொன்னதே என்று காட்டியிருக்கிறார்.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த யேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, கிறிஸ்தவரானவர்கள் பேணிய பூணூலும் சந்தனமும் ஸ்நானமும் சமயச் சின்னங்களா, சமூக வழக்கங்களா என்ற வினாவை எழுப்ப, அது கோவாவில் விவாதிக்கப்பட்டு, ரோமாபுரி சென்று, 1623-இல் பதினைந்தாம் கிரகோரியாரின் சாஸனத்தால் ஒருவாறு அவருக்குச் சாதகமாகத் தீர்க்கப்பட்டது. போர்ச்சுகல் மன்னரின் உரிமை, சபைகளுக்குள் நிலவிய போட்டி, 1622-இல் ரோமாபுரி நிறுவிய மறைபரப்பு மன்றத்தின் நோக்கம் ஆகிய யாவும் அவ்வழக்கில் பின்னிக் கிடந்தன. இதைக் குறித்து இனெஸ் ஷுபானோவ் 1999-இல் எழுதிய நூல், டி நொபிலியின் கடிதங்களையும் அவரை எதிர்த்த சக துறவி கொன்சாலோ ஃபெர்னாண்டெஸின் எழுத்தையும் எதிரெதிரே வைத்துப் படிக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்க் அனுப்பிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. இவற்றில் பேசப்படும் மக்கள் தமிழர், பேசியவர்கள் ஐரோப்பியர்.

ராங்கேயைப் பிற்காலத்தவர் வீழ்த்திவிட்டனர் என்று சிலர் கூறுவது பொருந்தாது. பிறர் நூலை நம்பாதே, சாட்சி எங்கிருந்து பேசுகிறான் என்று பார் என்று 1824-இல் அவர் போதித்த பாடத்தை, அவர் தாமே சந்தேகிக்க மறந்த ஏடுகளின் மேலும் செலுத்தியதே அவர்கள் செய்த பணி. ஒரு காப்பகத்தை மட்டும் படித்து எழுதப்படும் ராஜதந்திர வரலாறு, எத்தனை அடிக்குறிப்புகளைச் சுமந்தாலும், ஒரு தரப்பின் வாக்குமூலமே. அந்த வாக்குமூலங்களில் நம் ஊர்களைப் பற்றியவையும் இருப்பதால், லத்தீனும் போர்ச்சுகீசும் இத்தாலியமும் கற்று அக்காப்பகங்களுக்குள் செல்லும் தமிழ் மாணவர்களை நம் பல்கலைக்கழகங்கள் ஊக்கிப் பொருளுதவி செய்து அனுப்ப வேண்டும். மதுரையைக் குறித்து ரோமாபுரியில் நடந்த வழக்கை, மதுரையின் பக்கத்து ஏடுகளையும் அறிந்தவர்கள் படித்தால்தான் அதன் விசாரணை முழுமை பெறும்.